டிரெஸ்ஸாஜ் சேணத்தில் சிறு தடைகளைத் தாண்டலாமா? இரண்டு ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

தென்னாப்பிரிக்காவின் பீட்டர்மரிட்ஸ்பர்க்குக்கும் மூயி ரிவருக்கும் இடைப்பட்ட மலைச்சரிவுகளில் குதிரை வைத்திருக்கும் எங்களைப் போன்றோர்க்கு, கையைக் கடிக்காத விலையில் நல்ல தோல் சேணம் கிடைப்பது குதிரைக் கொம்புதான். புதியதை வாங்க வசதி இராது. பழையது கிடைத்தால் தோலுக்கு உள்ளே சேணத்தைத் தாங்கும் சட்டம் முறுக்கிக்கொண்டிருக்கும், அல்லது நம் குதிரையின் முதுகுக்கு ஒவ்வாது. எனவே, இரண்டு ஆண்டுகளுக்கு முன் 17 அங்குல இருக்கையும் அகலமான சட்டமும் கொண்ட கறுப்பு டிரெஸ்ஸாஜ் சேணம் (சமதளத்தில் குதிரையின் நடைகளைப் பழக்கும் பயிற்சிக்கானது) ஒன்று 6,500 ராண்டுக்கு விற்பனைக்கு வந்தபோது நான் அதிகம் யோசிக்கவில்லை. விற்றவர் பணத்தை எண்ணிக்கொண்டே, “சின்னக் கட்டைகளை இதிலேயே தாண்டிக்கொள்ளலாம்” என்று ஒரு வார்த்தை சொன்னார். அந்த வார்த்தை எவ்வளவு உண்மை என்பதுதான் இந்த மதிப்பீட்டின் பொருள். தயாரிப்பாளரின் பெயரை நான் குறிப்பிடவில்லை. ஏனெனில் நான் சொல்லப்போகும் குறைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு சேணத்துக்கு உரியவை அல்ல, அந்த வகைக்கே உரியவை.

முதலில் சேணத்தின் அமைப்பு. டிரெஸ்ஸாஜ் சேணத்தின் பக்கத்தோல் நீளமாகவும் நேராகவும் கீழ்நோக்கித் தொங்கும். தாண்டல் சேணத்தில் அதே தோல் குட்டையாகி முன்பக்கம் வளைந்து, முழங்காலுக்கு இடம் விட்டிருக்கும். இருக்கை ஆழமானது, முன்மேடும் பின்மேடும் உயர்ந்து நம்மைத் தொட்டிலில் வைத்தாற்போல் நடுவில் இருத்தும். பாதம் வைக்கும் அங்கவடி தொங்கும் இரும்புக் கொக்கி தாண்டல் சேணத்தில் இருப்பதைவிடச் சற்றுப் பின்னால் அமைந்திருக்கும். அதனால் கால் இடுப்புக்கு நேர் கீழே விழுந்து, காது, தோள், இடுப்பு, குதிகால் ஆகிய நான்கும் ஒரே செங்குத்துக் கோட்டில் நிற்கும். என் சேணத்தில் இவற்றோடு, தொடைக்கு முன்னால் கையளவு தடிமனான தொடை அணைகளும் தைக்கப்பட்டிருந்தன. வயிற்று வார் குட்டையானது. அதன் கொக்கிகள் தொடைக்கு அடியில் உறுத்தாமல் பக்கத்தோலுக்குக் கீழே வந்து நிற்கும்படி சேணத்து வார்கள் நீளமாக விடப்பட்டிருந்தன.

இந்த அமைப்பு எந்த வேலைக்காகச் செய்யப்பட்டதோ அந்த வேலையில் சேணத்தின் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. என் குதிரை மல்லி 15 கை (ஒரு கை நான்கு அங்குலம்) உயரமுள்ள, பூர்பெர்ட் என்னும் தென்னாப்பிரிக்க இனத்தின் கலப்பினப் பெட்டை. முதுகு குட்டை, விலா அகலம். சேணம் பொருத்துபவர் ஒருமுறை வந்து உள்ளே அடைத்திருந்த கம்பளியைச் சரிசெய்து கொடுத்தபின், தோள்மேட்டுக்கு மேல் மூன்று விரல் இடைவெளி கிடைத்தது. சேணம் ஆடவுமில்லை, பின்னுக்கு நகரவுமில்லை. அமர்ந்தபடி டிராட் எனும் துள்ளுநடையில் ஓட்டுவதற்கு நான் பட்ட பாடு பாதியாகக் குறைந்தது. நாற்பது வயதுக்கு மேல் குதிரையேற்றம் கற்கத் தொடங்கிய எனக்கு, இடுப்பைத் தளரவிட்டு உட்காருவது என்றால் என்னவென்று புரியவைத்தது பயிற்றுநரின் சொற்களைவிட இந்தச் சேணம்தான் என்று சொன்னால் அவர் கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். சமதளப் பயிற்சிக்கு ஐந்துக்கு நாலரை மதிப்பெண் தருவேன். அரை மதிப்பெண்ணைக் குறைப்பது பக்கத்தோலின் விளிம்புத் தையல் ஒரே ஆண்டில் பிரிந்ததற்காக.

பிறகு ஏன் இதில் தடை தாண்ட நினைத்தேன் என்றால், காரணம் பணம்தான். ஈவென்டிங் என்பது 1912ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் படையதிகாரிகளுக்கான போட்டியாக இடம்பெற்ற காலத்திலிருந்தே ஒரே குதிரையைப் பலவிதமாகச் சோதிக்கும் விளையாட்டு. டிரெஸ்ஸாஜ், வெளிநிலத்தில் நிலைத்த தடைகளைத் தாண்டும் கிராஸ் கன்ட்ரி, திடலில் கழிகளைத் தாண்டும் ஷோ ஜம்பிங் ஆகிய மூன்றிலும் ஓடுவதற்கு வசதியுள்ளவர்கள் இரண்டு சேணம் வைத்திருப்பார்கள். நான் போட்டிக்குப் போகும் எண்ணத்தில்கூட இல்லை. இங்குள்ள கீழ்மட்டப் பிரிவுகள் 60, 70, 80 சென்டிமீட்டர் எனத் தடையின் உயரத்தாலேயே அழைக்கப்படுகின்றன. அவற்றில் முதல் படிக்குக் கீழேயே, பண்ணையொன்றின் மேய்ச்சல் நிலத்தில் கிடக்கும் யூகலிப்டஸ் கட்டைகளையும் பழைய டயர் வரிசையையும் தாண்டிப் பார்த்தால் போதும் என்பதே என் ஆசை. அதற்காக இன்னொரு சேணத்துக்குச் செலவழிப்பது வீண் என்று தோன்றியது. ஆயினும் ஒன்றை மறக்கக் கூடாது. ஷோ ஜம்பிங் கழி குதிரையின் கால் பட்டால் உருண்டு விழும். நிலத்தில் பதித்த கட்டை விழாது. தடை எவ்வளவு சிறியதானாலும் பிழையின் விலையைக் கட்டை தருவதில்லை, குதிரையும் நாமும்தான் தருகிறோம்.

தொடங்கியது ஒரு புரட்டாசி ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமைகளில் என் அண்ணன் மகளுக்குக் கோவில் தமிழ்ப் பள்ளி இருப்பதால், எங்கள் குதிரைப் பயிற்சியெல்லாம் ஞாயிறு காலைதான். அதுவும் மாலைப்பொழுதைத் தவிர்த்து. ஆப்பிரிக்கக் குதிரை நோயைப் பரப்பும் சிறு பூச்சிகள் அந்தி மயங்கும்போதும் விடியும்போதும் அதிகம் கடிக்கும் என்பதால், தடுப்பூசி போட்ட குதிரையைக்கூட வெயில் சாயுமுன் லாயத்தில் அடைத்துவிடுவது இங்கு எல்லோர்க்கும் பழக்கம்.

அன்று முதல் தடங்கல் தடையில் வரவில்லை, அங்கவடி வாரில் வந்தது. தாண்டுவதற்கு அங்கவடியைக் குறைந்தது மூன்று துளை உயர்த்த வேண்டும். டிரெஸ்ஸாஜ் கால்நீளத்துக்கென வாங்கிய வாரில் அவ்வளவு மேலே துளைகளே இல்லை. பண்ணைக்காரரின் துளையிடும் கருவியைக் கடன் வாங்கி, பக்கத்துக்கு நான்கு துளைகள் போட்டேன். மிச்சமான வார் முனை முழங்காலுக்குப் பின்னால் வால்போலத் தொங்கி ஆடியது. உயர்த்திக் கட்டி ஏறி அமர்ந்தவுடன், இந்தச் சேணம் எனக்கு அந்நியமாகிவிட்டது. முழங்கால் மடங்கி மேலேறியது. மேலேறிய முழங்கால் முன்னே போக விரும்பியது. முன்னே தொடை அணை மறித்தது. முழங்காலுக்கு முன்வழி இல்லாததால் என் பின்புறம் பின்மேட்டின் மீது தள்ளப்பட்டது. வேலியருகே நின்ற அண்ணன் மகள், “சின்னப் பிள்ளைங்க நாற்காலியில உக்கார்ந்த மாதிரி இருக்கு அத்தை” என்றாள். அவளுடைய சொல்லில் மிகை ஏதுமில்லை.

கீழ்க்காலும் தன் இடத்தை இழந்தது. நீண்ட பக்கத்தோலில் குட்டை அங்கவடியோடு அமர்ந்தால், கெண்டைக்கால் குதிரையின் விலாவைத் தொடாமல் தோலின் மீதே படியும். மல்லிக்குக் காலால் சொல்லும் சிறு செய்தி அந்தத் தோலைத் தாண்டிச் சேரவில்லை. குதிகாலைத் தூக்கிக் குத்தினால்தான் கேட்டாள். பயிற்றுநர் பார்வையில் பட்டால் திட்டு வாங்கும் காரியம் அது.

இவ்வளவும் சொன்னபின் வாசகர் எதிர்பார்ப்பதற்கு மாறாக, முதல் கட்டை மிக எளிதாகப் போயிற்று. 40 சென்டிமீட்டர் உயரம், நிலம் சமம், அணுகும் வழி நேர். மல்லி டிராட்டில் வந்து, கொஞ்சம் நீண்ட அடியெடுத்து வைத்து மறுபுறம் போய்விட்டாள். அதைத் தாண்டல் என்று சொல்வதே கூச்சமாக இருக்கிறது. 50 சென்டிமீட்டர் கட்டையையும் கேன்டர் எனும் மெதுவான பாய்ச்சலில் அவ்வாறே கடந்தோம். அடுத்து, 7.3 மீட்டர் இடைவெளியில் இரு கட்டைகள். நடுவில் ஒரு கேன்டர் அடி. அதுவும் சரியாகவே அமைந்தது. காரணம் எளியது: இந்த உயரத்தில் குதிரை முதுகை வில்லாக வளைப்பதில்லை, பெரியதொரு கேன்டர் அடியாக மட்டுமே எடுத்துவைக்கிறது. முதுகு அதிகம் அசையாதபோது இருக்கையிலிருந்து நன்றாக எழ வேண்டிய தேவையும் இல்லை. இடுப்பை லேசாக மடித்து, கைகளைப் பிடரியை நோக்கி விட்டுக்கொடுத்தால் போதும். ஆழமான இருக்கை அப்போது பாதுகாப்பாகக்கூட உணரப்படுகிறது. தயங்கும் குதிரையின் மீது, தாண்டுமுன் கடைசி மூன்று அடிகளில் இந்தச் சேணத்தில் அமர்ந்து ஊக்குவது தாண்டல் சேணத்தைவிட எளிதாக இருந்தது என்பதை நேர்மையாகப் பதிவு செய்கிறேன். விற்றவர் சொன்ன வார்த்தை அதுவரை உண்மை.

திருப்பெருந்துறைக் கதையில் நரிகள் பரிகளாகி மதுரைத் தெருவில் நடைபோட்டதைப் போல, என் டிரெஸ்ஸாஜ் சேணமும் ஏறக்குறைய ஆறு மாதங்கள் தாண்டல் சேணமாக நடித்தது. இரவானதும் அந்தப் பரிகள் நரிகளாகிவிட்டன என்பதும் அதே கதையில் இருக்கிறது.

பண்ணையின் மேற்குச் சரிவில் ஒரு கட்டை உண்டு. ஏறும் பக்கத்திலிருந்து பார்த்தால் 50 சென்டிமீட்டர்தான். இறங்கும் பக்கம் நிலம் இன்னொரு 40 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கும். இத்தகைய இறக்கத்தில் உடலைப் பின்னுக்கு விட்டு, காலை முன்னே ஊன்றி, கடிவாள வாரை விரல் வழியே நழுவவிட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். பழைய வேட்டைச் சித்திரங்களில் நீண்ட அங்கவடியோடு மல்லாந்து சாய்ந்தபடி வேலி தாண்டுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். இத்தாலியக் குதிரைப்படை அதிகாரி ஃபெடெரிகோ காப்ரில்லி (1868–1907) அங்கவடியைக் குட்டையாக்கி, உடலை முன்னே கொண்டுபோய், குதிரையின் முதுகையும் கழுத்தையும் விடுவித்தபின் அந்தச் சாய்வு தாண்டலிலிருந்து விடைபெற்றது. ஆனால் கிராஸ் கன்ட்ரி இறக்கத்தில் அதன் ஒரு பங்கு இன்றும் மிஞ்சியிருக்கிறது. ஆகவே, பின்னால் உட்கார வைக்கும் சேணம் பின்னால் சாய வேண்டிய இடத்தில் உதவும் என்று நான் கணக்குப் போட்டேன். தடை தாண்ட உதவாவிட்டாலும் இறங்க உதவும் என்பது என் எண்ணம்.

கணக்கு முற்றிலும் தவறு. பின்னால் சாய்வதற்குப் பின்னால் இடம் வேண்டும். தாண்டல் சேணத்தின் தட்டையான இருக்கையில், குதிரை இறங்கும்போது நாம் ஒரு கையளவு பின்னே வழுக்கிப் போக முடியும். குதிரையின் பின்பகுதி மேலெழும்போது நமக்கும் அதற்கும் நடுவே காற்று இருக்கும். டிரெஸ்ஸாஜ் சேணத்தில் நாம் ஏற்கெனவே பின்மேட்டோடு ஒட்டி அமர்ந்திருக்கிறோம். மல்லியின் முன்கால்கள் கீழே போய், பின்பகுதி உயர்ந்தபோது, அந்தப் பின்மேடு என்னை அடியிலிருந்து நெம்புகோல்போல் எற்றியது. தொடை அணை தொடையைப் பிடித்து நிறுத்திவிட்டதால் காலை முன்னே ஊன்ற வழியில்லை. அங்கவடிக் கொக்கி பின்னால் இருந்ததால் கால் இன்னும் பின்னால் ஊசலாடியது. இடுப்புக்கு மேலே முன்னே, முழங்காலுக்குக் கீழே பின்னே என்று நான் மடிந்து, பிடரி மயிரில் முகம் புதைந்த நிலையில் மறுபுறம் வந்து சேர்ந்தேன். பிடித்துக்கொள்வதற்காக மல்லியின் கழுத்தில் கட்டியிருந்த கழுத்து வார் இல்லாதிருந்தால் அன்றே விழுந்திருப்பேன்.

அடுத்த வாரம் விழுந்தேன். அதே கட்டை, அதே வேகம். இம்முறை தெளிவாகப் பின்னால் சாய்வது என்ற முடிவோடு போனேன், அதனால் எற்றல் இன்னும் பலமாக இருந்தது. மார்புக் கவசமும் தலைக்கவசமும் அணிந்திருந்ததால் தோளில் கன்றிப்போனதைத் தவிர வேறொன்றுமில்லை. எழுந்து பார்க்கும்போதுதான் இன்னொன்றைக் கண்டேன்: அங்கவடிக் கொக்கியின் முனையில், விழுந்தால் வாரை விடுவிப்பதற்காக இருக்கும் சிறு தாழ் மேல்நோக்கி மூடிய நிலையிலேயே துருப்பிடித்து இறுகியிருந்தது. கால் தானாகவே நழுவி வந்தது என் அதிர்ஷ்டம். பழைய சேணம் வாங்குபவர்கள் தோலைத் தடவிப் பார்க்குமுன் அந்தத் தாழை விரலால் தட்டிப் பார்க்க வேண்டும். அது எளிதாகக் கீழே இறங்கவேண்டும், சவாரியின்போது திறந்தே இருக்கவேண்டும். கொக்கியே துருவேறியிருந்தால் விலை எவ்வளவு குறைவாயினும் வாங்காதீர்கள்.

எனினும் நான் தாண்டலை நிறுத்தியது விழுந்ததால் அன்று. லாயத்தில் வேலை செய்யும் சூலூப் பெரியவர் ஒவ்வொரு மாலையும் குதிரைகளின் முதுகில் உள்ளங்கையை வைத்து இழுத்துப் பார்ப்பவர். டர்பனின் கிரேவில் குதிரைப் பந்தயத் திடலின் லாயங்களில் உழைத்த என் தாத்தாவும் அப்படித்தான் செய்வாராம், ஆயா சொல்லியிருக்கிறார். அந்தப் பெரியவர் ஒரு நாள் என்னை அழைத்து, சேணம் முடியும் இடத்துக்குச் சற்று முன்னால், முதுகெலும்பின் இருபுறமும் கை பட்டவுடன் மல்லி முதுகைத் தாழ்த்தி ஒதுங்குவதைக் காட்டினார். சேணம் பொருத்துபவர் வந்து பார்த்தார். சட்டம் சரி, கம்பளி சரி. சமதளத்தில் ஓட்டிக் காட்டியபோது மல்லியிடம் குறையில்லை. தாண்டிக் காட்டச் சொன்னார். மூன்றாவது தாண்டலிலேயே காரணத்தைச் சொல்லிவிட்டார்: ஒவ்வொரு முறை இறங்கும்போதும் நான் இருக்கைக்குள் திரும்ப விழுந்துகொண்டிருக்கிறேன், என் எடை முழுதும் சேணத்தின் பின்பாதியில் இறங்குகிறது. குட்டை அங்கவடியோடு அந்தச் சேணத்தில் முழங்காலை ஊன்றி எழுந்து நிற்க இயலாததால், விழுவதைத் தவிர எனக்கு வழியில்லை. ஆறு மாதங்களாக எளிதாகப் போகிறது என்று நான் மகிழ்ந்துகொண்டிருந்த ஒவ்வொரு கட்டைக்கும் மல்லி தன் முதுகால் விலை கொடுத்திருக்கிறாள். மூன்று வாரம் ஓய்வு கொடுத்ததில் வலி போய்விட்டது. அவளுடைய பெருந்தன்மை எனக்கு உறுத்தல்.

இதற்கு எதிர்ச்சான்று ஒன்றும் உண்டு, அதையும் சொல்லியாக வேண்டும். பதினான்கு வயதான என் அண்ணன் மகள் அதே சேணத்தில், அதே கட்டைகளை, பார்ப்பதற்கு அழகாகவே தாண்டினாள். அவளுடைய தொடை குட்டை. அங்கவடியை இரண்டு துளை உயர்த்தினாலே போதும், முழங்கால் தொடை அணைக்குப் பின்னாலேயே அடங்கிவிடுகிறது. எடையும் என் எடையில் ஏறக்குறைய பாதி. ஆகவே இதே சேணத்தைப் பற்றி ஒருவர் ‘பிரமாதம்’ என்றும் மற்றொருவர் ‘ஆபத்து’ என்றும் சொன்னால் இருவரும் உண்மை சொல்பவர்களாக இருக்கலாம். உங்கள் தொடையின் நீளம் தெரியாமல் யாரும் உங்களுக்கு அறிவுரை சொல்ல முடியாது. எனினும் மேற்குச் சரிவுக் கட்டைக்கு அவளை நான் அனுப்பவில்லை.

தொடை அணை ஒட்டுப்பட்டையால் பொருத்தப்பட்டதாக இருந்தால் நிலைமை கொஞ்சம் மாறும். அத்தகைய சேணத்தில் அணையைக் கழற்றியோ, சற்று முன்னே நகர்த்தியோ முழங்காலுக்கு இடம் செய்யலாம். தோழி ஒருத்தியின் சேணத்தில் அவ்வாறு செய்து ஓட்டிப் பார்த்தபோது 50 சென்டிமீட்டர் வரை என் உடல் இருக்கையிலிருந்து விடுபட்டு எழ முடிந்தது. என்னுடையதுபோல் தைத்து இறுக்கிய அணை என்றால் ஒன்றும் செய்வதற்கில்லை. சேணம் பின்னுக்கு நகராமல் பிடிக்கும் மார்பு வார் மாட்டுவதற்கான வளையங்களையும் பாருங்கள். என் சேணத்தில் இருந்தவை அலங்காரத்துக்கானவை. மேட்டில் ஏறும்போது மார்பு வாரின் இழுப்புக்கு ஒரு வளையம் ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது.

எனவே தாண்டலுக்கு இந்தச் சேணத்துக்கு ஐந்துக்கு ஒன்றரை. சமநிலத்தில், நேர்வழியில், முழங்கால் உயரத்துக்கு மேற்படாத கட்டையை, காட்டுவழிச் சவாரியின்போது குறுக்கே கிடந்ததென்று ஒருமுறை தாண்டுவதற்கு இது போதும். அப்போது அங்கவடியை உயர்த்தக்கூட வேண்டாம், வழக்கமான நீளத்திலேயே கழுத்து வாரைப் பிடித்துக்கொண்டு குதிரையைத் தன் போக்கில் விடலாம். வாரந்தோறும் பயிற்சியாகத் தாண்டுவதற்கும், பள்ளம், மேடை, இறக்கம் ஆகியவற்றுக்கும், 60 சென்டிமீட்டர் பிரிவில் பெயர் கொடுப்பதற்கும் இது உதவாது. பொதுப்பயன் சேணம் எனப்படும் நடுவாந்தர வகை டிரெஸ்ஸாஜிலும் சுமார், தாண்டலிலும் சுமார் என்று பலர் ஏளனம் செய்வார்கள்; நானும் செய்திருக்கிறேன். ஒரே சேணம்தான் வாங்க முடியும் என்ற நிலையில் இருப்பவர்க்கு அந்த இரண்டு சுமார்களும் என் நாலரையையும் ஒன்றரையையும்விட மேல்.

டிரெஸ்ஸாஜ் சேணத்தை நான் விற்கவில்லை. வாரத்தில் மூன்று நாள் மல்லியின் முதுகில் அதுதான் இருக்கிறது, துருப்பிடித்த கொக்கிகளை மாற்ற 900 ராண்டு ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளுக்கென 4,000 ராண்டில் நிறம் வெளுத்த செயற்கைத் தோல் பொதுப்பயன் சேணம் ஒன்றைத் தேடிப் பிடித்தோம். நான் துளையிட்ட அங்கவடி வார்கள் இப்போது அதில் தொங்குகின்றன. பக்கத்துக்கு நான்கு துளைகளில் மூன்றாவது எனக்கு, முதலாவது அண்ணன் மகளுக்கு.